பாதியில் நிறுத்தத் தெரிந்த அறுவை: பெருந்தமனிப் பிளவும் அதன் சிகிச்சையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம். மேடையில் காட்டிய படங்களையும், இடையே வந்த கேள்விகளையும் நீக்கியிருக்கிறேன்.)



மாரடைப்பைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் முதலில் அழைத்தார்கள். மாரடைப்பைப் பற்றி வாட்ஸ்அப்பில் நாளுக்கு ஒரு சொற்பொழிவு வந்துகொண்டிருக்கிறது. ஆகவே, மாரடைப்பு என்று நினைத்து நாங்களே ஏமாந்துபோகும் வேறொரு நோயைப் பற்றிப் பேச அனுமதி கேட்டு வாங்கினேன். மருத்துவமனையில் அதை ‘டிசெக்‌ஷன்’ என்போம். இங்கே பெருந்தமனிப் பிளவு என்கிறேன்.

இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த அறுவையில் நாங்கள் நோயைக் குணப்படுத்துவதில்லை. கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை கிழிந்து கிடக்கும் குழாயில் அரைச் சாண் நீளத்தை மாற்றிவிட்டு, மீதியைக் கிழிந்தபடியே விட்டு மார்பை மூடுகிறோம். கேட்பவர்களுக்கு இது அரைகுறை வேலையாகத் தோன்றும். எந்த அரைச் சாண், ஏன் அது மட்டும் என்று தெரிந்துகொள்ள மருத்துவ உலகம் இருநூறு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதை ஆறு பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. கிழிவது எது

பெருந்தமனி இதயத்தின் இடது கீழறையிலிருந்து புறப்பட்டு மேலே ஏறுகிறது. கைத்தடியின் பிடிபோல வளைகிறது. பிறகு முதுகெலும்பை ஒட்டி இறங்கி, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஏறுபகுதி, வளைவு, இறங்குபகுதி என்ற மூன்று பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் சுவர் மூன்று அடுக்கு. உள்ளே வழுவழுப்பான மெல்லிய படலம், நடுவில் மீள்தன்மையுள்ள நார்கள், வெளியே ஓர் உறை. பல ஆண்டு கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தத்தாலோ, மார்ஃபான் நோய்போல நார்களே பிறவியில் பலவீனமாக இருப்பதாலோ, ஒரு நாள் உள்படலத்தில் குறுக்கே ஒரு கீறல் விழுகிறது. இதயம் தள்ளும் இரத்தம் அந்தக் கீறலில் புகுந்து நடு அடுக்கைப் பிளந்துகொண்டு ஓடுகிறது. வாழை மட்டையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தால் நார் கடைசி வரை உரிந்து வருமே, அப்படி. ஒரே குழாய்க்குள் இப்போது இரண்டு பாதைகள்: இரத்தம் போகவேண்டிய மெய்வழி, சுவருக்குள் புதிதாக உண்டான பொய்வழி. நடுவில் திரைச்சீலைபோல ஒரு படலம் ஆடிக்கொண்டிருக்கும்.

பிணத்தை அறுத்துப் படிப்பதற்கு வைத்த ‘டிசெக்‌ஷன்’ என்ற சொல்லை இந்த நோய்க்கும் வைத்தது பொருத்தம்தான். அறுவை மருத்துவன் தேடித்தேடிப் பிடிக்கும் அடுக்கிடைவெளியை இரத்தம் தானாகவே கண்டுபிடித்துவிடுகிறது.

இதை முதலில் தெளிவாகப் பார்த்து எழுதியது ஓர் அரசரின் உடலில். 1760 அக்டோபர் 25 காலையில் இங்கிலாந்தின் இரண்டாம் ஜார்ஜ் கழிப்பறைக்குப் போனவர் அங்கேயே விழுந்து இறந்தார். அரண்மனை மருத்துவர் ஃபிராங்க் நிக்கல்ஸ் உடலைத் திறந்தார். இதய உறை உறைந்த இரத்தத்தால் நிரம்பி இதயத்தை நெரித்திருந்தது. ஏறுபகுதியின் உட்சுவரில் குறுக்கே ஒரு வெடிப்பு. அடுத்த ஆண்டே அதை அச்சிட்டும் விட்டார்கள். அரண்மனை இரகசியமாக மூடி வைத்திருந்தால் நமக்கு இந்தத் தொடக்கம் கிடைத்திருக்காது.

இந்த நோய் மூன்று விதமாகக் கொல்லும். அரசரைக் கொன்றதுதான் முதல் விதம்: பொய்வழி வெளியே வெடித்து, இதய உறைக்குள் இரத்தம் தேங்குவது. இரண்டாவது, பிளவு இதயத்தை நோக்கிப் பின்னால் வந்து, வால்வின் தாங்கல் சரிந்து இரத்தம் திரும்பி ஒழுகுவது, அல்லது இதயத்துக்கே இரத்தம் தரும் குழாயின் வாய் அடைபடுவது. மூன்றாவது, ஆடும் படலம் ஏதோ ஒரு கிளையை மூடுவது. மூளைக்குப் போகும் கிளை என்றால் பக்கவாதம்; குடலுக்கு என்றால் வயிற்றுவலி; காலுக்கு என்றால் கால் சில்லிட்டுப் போகும். ஒரே நோய் ஒருவரை நரம்பியல் பிரிவுக்கும் இன்னொருவரை எலும்பு மருத்துவரிடமும் அனுப்பிவைக்கும் காரணம் இதுதான்.

2. இரண்டே எழுத்தில் ஒரு கேள்வி

முதல் அறுவை முயற்சி 1935இல் நடந்தது. நியூயார்க்கில் குரின் என்பவர் இடுப்புத் தமனியைத் திறந்து படலத்தில் ஒரு சாளரம் வெட்டினார். பொய்வழிக்குப் போன இரத்தம் மெய்வழிக்குத் திரும்பட்டும் என்பது கணக்கு. காலுக்கு நாடி திரும்பியது, நோயாளி பிழைக்கவில்லை. மாற்றிப் பொருத்த அப்போது குழாய் ஏது?

குழாய் வந்தது டெக்சாஸின் ஹூஸ்டனில். மைக்கேல் டிபேக்கி, லூயிசியானாவில் குடியேறிய லெபனான் குடும்பத்துப் பிள்ளை. தையல் கற்றுக்கொண்டது அம்மாவிடம். செயற்கைத் தமனி செய்ய நைலான் துணி தேடிக் கடைக்குப் போனார். நைலான் தீர்ந்துபோயிருந்தது, கடைக்காரர் டேக்ரான் என்ற புதுத் துணியைக் காட்டினார். வீட்டுத் தையல் மெஷினில் அவரே குழாயாகத் தைத்தார். இன்றும் உலகம் முழுக்கப் பொருத்தப்படுவது டேக்ரான்தான். நைலான் கையிருப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு, உடம்புக்குள் நைலான் நாளடைவில் வலுவிழந்துவிடும்.

டிபேக்கியும் அவருடைய சகாக்களான கூலியும் கிரீச்சும் 1955இல் ஆறு நோயாளிகளின் அறுவையை வெளியிட்டார்கள். 1965இல் டிபேக்கி குழுவின் கணக்கு 179 நோயாளிகளாக வளர்ந்தது. அந்தக் கட்டுரையில்தான் பிளவை மூன்று வகையாகப் பிரித்தார்: ஏறுபகுதியில் தொடங்கி இறங்குபகுதி வரை போவது ஒன்று, ஏறுபகுதியோடு நிற்பது இரண்டு, இறங்குபகுதியில் மட்டும் இருப்பது மூன்று. படம் வரைய நல்ல வகைப்பாடு.

நடு இரவில் முடிவெடுக்க உதவியது 1970இல் ஸ்டான்ஃபோர்டில் ஷம்வே குழுவினர் சொன்னது. ஏறுபகுதி பிளந்திருக்கிறதா? ஆம் என்றால் ‘ஏ’, இல்லையென்றால் ‘பி’. கீறல் எங்கே தொடங்கியது, எதுவரை போனது என்பதையெல்லாம் அவர்கள் பொருட்படுத்தவில்லை. இதய உறைக்குள் வெடிப்பதும், வால்வு சரிவதும், இதயக் குழாய் அடைபடுவதும் ஏறுபகுதி பிளந்தால்தான் நடக்கும். கொல்வது அந்த இடம். என் பார்வையில் இந்த நோயின் வரலாற்றில் எந்தக் கருவியைவிடவும் பெரிய கண்டுபிடிப்பு இந்தக் கேள்விதான்.

அது சரிதான் என்று எண்களும் பின்னர் காட்டின. பன்னாட்டுப் பதிவேடு ஒன்று 2000ஆம் ஆண்டில் 12 மையங்களின் 464 நோயாளிகளைக் கணக்கெடுத்து வெளியிட்டது. ஏ வகையில் அறுவை செய்தவர்களில் 26 விழுக்காட்டினர் மருத்துவமனையில் இறந்தார்கள். மருந்து மட்டும் கொடுத்தவர்களில் 58. பி வகையில் தலைகீழ்: மருந்து என்றால் ஏறத்தாழ 11, அறுவை என்றால் 31. பி வகையில் கத்திக்குப் போனவர்கள் ஏற்கெனவே சிக்கலில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

3. தியேட்டருக்கு முன்னால்

மாணவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இந்த நோயில் தவறான முதல் ஊசியாலும் உயிர் போகலாம்.

வலி திடீரென்று, தொடங்கும்போதே உச்சத்தில் தொடங்கும். மாரடைப்பு வலி கூடிக்கொண்டே போவது. இது அடித்ததுபோல் வருவது. மார்பிலோ இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவிலோ வரும், சில நேரம் இடம்பெயரும். ஈசிஜியில் பெரிதாக ஒன்றும் இல்லாமலும் போகலாம். அப்போது ‘கேஸ்’ என்று வீட்டுக்கு அனுப்புவது ஒரு தவறு. மாரடைப்பு என்று இரத்தக்கட்டி கரைக்கும் மருந்தை ஏற்றுவது அதைவிடப் பெரிய தவறு. இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தீர்களா? இந்தக் கேள்வியை என் வார்டில் படித்தவர்கள் தூக்கத்திலும் கேட்டிருப்பார்கள். நாடி வேறுபாடு எல்லாரிடமும் இருக்காது, அந்தப் பதிவேட்டில் 15 விழுக்காட்டினரிடம்தான் இருந்தது. இருந்தால் அந்த ஒரு நிமிடம் உயிரைக் காப்பாற்றும்; இல்லையென்றாலும் வலியின் கதையை நம்பி சி.டி. எடுங்கள்.

‘ரென்ட்’ என்ற இசை நாடகத்தை எழுதிய ஜோனதன் லார்சனுக்கு வயது 35. நெஞ்சுவலி என்று ஒரே வாரத்தில் இரண்டு முறை அவசரப் பிரிவுக்குப் போனார், இரண்டு முறையும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 1996 ஜனவரி 25 அதிகாலையில் தன் வீட்டுச் சமையலறையில் இறந்து கிடந்தார். நாடகத்தின் முதல் முன்காட்சி அன்றுதான்.

ஒரு திருத்தமும் சொல்லவேண்டும். ஏ வகையில் மணிக்கு 1 முதல் 2 விழுக்காடு வீதம் நோயாளிகள் இறப்பார்கள் என்று நான் பல ஆண்டு பாடம் நடத்தினேன். அது பழைய கணக்கு. 2022இல் அதே பதிவேடு 5,600க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து, அறுவை செய்யாதவர்களில் முதல் 48 மணி நேரத்தில் மணிக்கு அரை விழுக்காடு என்று சொல்லியிருக்கிறது. அவசரம் குறையவில்லை. ஆனால் அனுபவமுள்ள மையத்துக்கு ஆம்புலன்சில் இரண்டு மணி நேரம் பயணம் போகலாமா என்ற கேள்விக்குப் பதில் கொஞ்சம் மாறுகிறது. போகும் வழியில் அழுத்தத்தை 100–120க்கும், நாடித்துடிப்பை 60க்கும் இறக்கி வைத்திருந்தால் போகலாம்.

4. அரைச் சாண்

மார்பெலும்பைப் பிளந்து இதய உறையைத் திறந்தால் ஏறுபகுதி கத்தரிக்காய் நிறத்தில் உப்பி நிற்கும். பொய்வழியில் தேங்கிய இரத்தம் மெல்லிய வெளியுறை வழியே தெரியும் நிறம் அது. அந்த உறை ஒன்றுதான் அந்த மனிதருக்கும் மரணத்துக்கும் நடுவே இருக்கிறது என்பதால், யாரும் அதைத் தொடமாட்டோம்.

இதய நுரையீரல் இயந்திரத்தின் குழாயை எங்கே இணைப்பது என்பதே முதல் சிக்கல். முன்பு தொடைத் தமனியில் இணைத்தோம். கீழிருந்து பம்ப் செய்யும் இரத்தம் சில நேரம் பொய்வழிக்குள் போய் மூளைக்குள்ள கிளைகளை மூடிவிடும். இப்போது பலர் வலது காறை எலும்புக்குக் கீழே உள்ள தமனியைத் தேடுகிறோம்.

அடுத்தது குளிர்விப்பது. வழக்கமான இதய அறுவையில் பெருந்தமனிக்குக் குறுக்கே ஒரு கிளாம்ப் போட்டுவிட்டு வேலை செய்வோம். கிழிந்த சுவரில் கிளாம்ப் போட்டால் அது இன்னொரு கிழிசலை உண்டாக்கும். வளைவுக்குள் எட்டிப் பார்க்கவும் முடியாது. ராண்டல் கிரீப் 1975இல் ஒரு வழி காட்டினார்: உடம்பை நன்றாகக் குளிர்வித்து இயந்திரத்தையே நிறுத்திவிடுவது. 18 டிகிரியில் மூளைக்கு வேண்டிய ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிடும். இதயம் ஓடவில்லை, நுரையீரல் ஓடவில்லை, இப்போது பம்பும் ஓடவில்லை. மானிட்டரில் எல்லாக் கோடும் படுத்துவிடும். தலையைச் சுற்றி ஐஸ் பைகள். மயக்க மருத்துவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் சொல்வார். அரை மணி நேரத்துக்குள் தையலை முடிக்க வேண்டும். முதல்முறை பார்க்கும் மாணவர் யாராவது கதவோரம் போய் நிற்பார். இப்போது வலது காறை எலும்புக்குக் கீழே உள்ள அந்தத் தமனி வழியே மூளைக்கு மட்டும் இரத்தம் கொடுத்துக்கொண்டு, 24–28 டிகிரியிலேயே இந்த வேலையைச் செய்கிறோம். அந்த அமைதி குறைந்துவிட்டது, மூளையும் பிழைக்கிறது.

தையல்தான் சோதனை. பிளந்த சுவரில் ஊசி போடுவது நனைந்த அப்பளத்தில் ஊசி போடுவது மாதிரி. நூலை இறுக்கினால் அறுத்துக்கொண்டு வரும். உள்ளும் புறமும் டெஃப்லான் பட்டை வைத்து, நடுவில் இரண்டு அடுக்கையும் சேர்த்துத் தைத்து, அந்த விளிம்பில் டேக்ரான் குழாயை இணைக்கிறோம். ஒட்டிவிட்டால் என்ன என்ற ஆசை எல்லாருக்கும் வந்தது. 1970களில் பிரான்சில் ஜெலட்டினோடு ஃபார்மலின் கலந்த பசை வந்தது. ஒட்டியது அழகாகத்தான் ஒட்டியது; சில நோயாளிகளுக்கு ஆண்டுகள் கழித்து ஒட்டிய இடத்துச் சதையே செத்து, மறு அறுவைக்கு வந்தார்கள்.

இதயப் பக்கம் வந்தால், வால்வு பெரும்பாலும் நல்ல வால்வுதான், அதன் தாங்கல் மட்டும் சரிந்திருக்கும். மூன்று முனைகளையும் தூக்கிக் கட்டினால் ஒழுகல் நிற்கும். பெருந்தமனி இதயத்தில் தொடங்கும் வேர்ப்பகுதியே சிதைந்திருந்தால் பென்டலும் டி போனோவும் 1968இல் சொன்னபடி வால்வு பொருத்திய குழாயை வைத்து, இதயக் குழாய்களின் வாயை அதில் இணைக்க வேண்டும். வால்வைக் காப்பாற்றி வேரை மட்டும் மாற்றும் முறையை டொராண்டோவின் டைரோன் டேவிட் 1992இல் வெளியிட்டார். நல்ல முறை, நடு இரவுக்கு ஏற்றதா என்பது கையைப் பொறுத்தது.

பெரிய வாக்குவாதம் மறுபக்கம். வளைவின் அடிப்பகுதியோடு நிறுத்துவதா, முழு வளைவையும் மாற்றி இறங்குபகுதிக்குள் ஒரு குழாயைத் தொங்கவிடுவதா? ஹனோவரின் போர்ஸ்ட் 1983இல் அப்படித் தொங்கவிட்டு அதற்கு ‘யானைத் தும்பிக்கை’ என்று பெயர் வைத்தார். இப்போது அந்தத் தும்பிக்கைக்குள் ஸ்டென்ட் வைத்து வருகிறது. ஜப்பானிலும் சீனாவிலும் ஜெர்மனியிலும் முதல் நாளே அதைச் செய்பவர்கள் நிறைய. பொய்வழி அடைபட்டு, பின்னாளில் வீங்காது என்பது அவர்கள் வாதம், பொய்யில்லை. கீறல் வளைவிலேயே இருந்தால், அல்லது மார்ஃபான் உள்ள இளைஞர் என்றால் நானும் அந்தப் பக்கம் போவேன். மற்றவர்களுக்கு நான் நிறுத்துகிறவன். பத்து ஆண்டு கழித்து வளைவு வீங்க வேண்டுமென்றால் முதலில் அவர் உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

5. வான்கோழியும் சர்ப்பகந்தியும்

ஏறுபகுதி பிளக்காத பி வகையில், நிறுத்துவது இன்னும் முன்னாலேயே வருகிறது. ஃபுளோரிடாவில் மைரன் வீட் என்ற அறுவை மருத்துவர் 1965இல் ஆறு நோயாளிகளைக் கத்தியில்லாமல் மருந்தால் மட்டும் காப்பாற்றியதாக எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட முன்மாதிரி வான்கோழிப் பண்ணை. கொழுத்த வான்கோழிகள் பெருந்தமனி வெடித்து மந்தையாகச் செத்துக்கொண்டிருந்தன. தீவனத்தில் ரிசர்பின் கலந்தபோது சாவு குறைந்தது. அந்த ரிசர்பின் நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுத்தது. அந்த வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இலேயே பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதியிருந்தார். நம் வேர் அமெரிக்க வான்கோழி வழியாக நம் நோயாளிக்குத் திரும்பிவந்த கதை இது.

வீட்டின் குழுவினர் 1970இல் பிளாஸ்டிக் குழாயிலும் நாயின் தமனியிலும் சோதித்தார்கள். அழுத்தம் எவ்வளவு உயர்ந்தாலும், ஓட்டம் சீராக இருந்தால் பிளவு நீளவில்லை. துடித்துத் துடித்துப் போனால்தான் நீண்டது. ஆகவே ஒவ்வொரு துடிப்பின் வெட்டலையும் மழுங்கடிக்க வேண்டும். பீட்டா தடுப்பு மருந்தை முதலில் கொடுப்பது இதனால்தான். வெடிப்பு, குடலோ காலோ இரத்தமில்லாமல் தவிப்பது போன்ற சிக்கல் வந்தால் மட்டும் 1999 முதல் தொடை வழியே ஸ்டென்ட் குழாய் ஏற்றிக் கீறலை மூடுகிறோம்.

6. டிபேக்கியின் மார்பு

2005 டிசம்பர் 31. ஹூஸ்டன் வீட்டில் ஒரு சொற்பொழிவுக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த 97 வயது டிபேக்கிக்கு மார்பிலும் முதுகிலும் கழுத்திலும் வலி பாய்ந்தது. என்னவென்று அவருக்கு உடனே தெரிந்தது. ஆம்புலன்சைக் கூப்பிடவில்லை. சி.டி.யில் அவரே வரைந்த இரண்டாம் வகை: பிளவு ஏறுபகுதியோடு நின்றிருந்தது. அறுவை வேண்டாம் என்றார். வாரங்கள் போயின, தமனி வீங்கியது, நினைவு தப்பியது. மருத்துவமனையின் மயக்க மருத்துவர்கள் இந்த வயதில், அவரே மறுத்திருக்கும்போது, மயக்கம் கொடுக்க மாட்டோம் என்றார்கள். அறநெறிக் குழு கூடியது. மனைவி கத்ரீன் கூட்டத்துக்குள் நுழைந்து இனியும் தாமதிக்காதீர்கள் என்றார். 2006 பிப்ரவரியில் டிபேக்கியின் நெடுநாள் சகா ஜார்ஜ் நூன் மார்பைத் திறந்து டேக்ரான் குழாயை வைத்தார். செயற்கைச் சுவாசம், டயாலிசிஸ், மாதக்கணக்கில் மருத்துவமனை. பிறகு வேலைக்குத் திரும்பினார். செய்ததற்கு நன்றி என்றும் சொன்னார். 2008 ஜூலை 11இல், நூறாவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருக்கையில் இறந்தார்.

அன்று நான் அந்த மருத்துவமனையில் இருந்திருந்தால் மயக்க மருத்துவர்கள் பக்கம்தான் நின்றிருப்பேன். நோயாளி வேண்டாம் என்றதை மயக்கநிலையில் மீறுவது இன்றும் எனக்கு உறுத்துகிறது. நான் நின்ற பக்கம் தோற்றிருக்கும், அவர் பிழைத்திருப்பார். எங்கே நிறுத்துவது என்று இவ்வளவு நேரம் பேசியவன் இதை மறைக்கக் கூடாது.

கடைசியாக ஒருவர். குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிக்காரர். ஏ வகை, ஏறுபகுதியை மாற்றி, வளைவுக்கு அடியோடு நிறுத்தினேன். வீட்டுக்குப் போகும்முன் என்ன வைத்தீர்கள் என்று கேட்டார். மிச்சமிருந்த டேக்ரான் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங் டாக்டர், இது நெஞ்சதுங்களா, பின்னுனதுங்களா?”

நெய்தது என்றேன். பாவும் ஊடையும் நெருக்கமாகத்தான் விழுந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். மீதிக் குழாய் என்ன ஆயிற்று என்று கேட்டார். கிழிந்தபடி இருக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை அகலம் பார்ப்போம், பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள், அண்ணன் தம்பி பிள்ளைகளையும் ஒருமுறை எக்கோ பார்க்க அனுப்புங்கள் என்றேன். ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் கழிந்ததும் மஞ்சள் பையில் பழைய படங்களோடு வந்துவிடுவார். இந்த ஆண்டு இறங்குபகுதியின் அகலம் 38 மில்லிமீட்டர். போன ஆண்டும் 38. எண்ணைக் கேட்டுக்கொண்டு, படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஈரோடு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிப் போனார்.